பத்தே பத்து பொன்னாடை

எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். பொன்னாடை வாங்கிட்டு வரணும்.

திருப்பரங்குன்றத்துல எங்க காலனி ஆண்டு விழா. வருஷா வருஷம் ஸ்பீக்கர்ல பாட்டுப் போட்டு ஊர்க்காதைக் கிழிச்ச நாங்க, இந்தத் தடவை லைவ் மியூசிக் வச்சோம். செயலாளர்ங்கிறதால பொறுப்பு பூரா என் தலையில.

முதல் பாட்டு என் வீட்டம்மா செல்வி. காலேஜ்ல பாடினவ. கல்யாணத்துக்கப்புறம் பத்தொம்பது வருஷமா குக்கர் விசிலுக்குத்தான் சுதி சேத்தா. ஒரு மாசமா ஒரே பாட்டைப் பாடிப் பாடிப் பழகினா.

"ஏங்க, நெசமாவே என்னையப் பாட விடுவீங்களா?"

"செயலாளர் பொண்டாட்டி நீ. எவன் தடுப்பான்?"

ஆறு மணிக்கு மரியாதை. ஆறரைக்குப் பாட்டு. எட்டரைக்கு மைக்கை நிப்பாட்டணும், போலீஸ் பெர்மிஷன் அம்புட்டுதான். நம்மாளுக மரியாதை செய்ய ஆரம்பிச்சா லேசுல விடமாட்டாங்க. அதனால பத்தே பத்து பொன்னாடைதான் வாங்கினேன். துணி தீந்தா மரியாதையும் தீந்துரும்ல! என்ன மூளை!

தலைவர் மைக்கைப் பிடிச்சார். முதல் பொன்னாடை ரைஸ்மில் அண்ணனுக்கு. வாங்கிட்டு சும்மா இருந்தாரா? தோள்ல கெடந்ததை உருவி தலைவருக்கே போத்திவிட்டார்!

"எனக்குச் செஞ்ச மரியாதை தலைவருக்குச் சேர வேண்டியது"ன்னு ஒரு பேச்சு வேற.

தலைவர் விடுவாரா? அதையே உருவி பொருளாளருக்குப் போத்தினார். பொருளாளர் தன் மச்சினனுக்கு. ஆளுக்கு "ரெண்டே வார்த்தை". நம்ம ஊர் மேடையில ரெண்டு வார்த்தைன்னா எம்புட்டு நேரம்னு உங்களுக்கே தெரியும்.

மணி ஏழேகால். ரெண்டாவது பொன்னாடையை இன்னும் கவர்லருந்தே எடுக்கல!

கீபோர்டுக்காரர் என்னைக் கூப்பிட்டார். "அண்ணே, நாங்க வாசிக்கணுமா, இல்ல பாத்துட்டுப் போயிரவா?"

தலைவர் காதுல போய்க் கெஞ்சினேன். "அண்ணே, பாட்டு..."

"இரு மாப்ள. மேலத்தெருக்காரருக்குப் போத்தலைன்னா மொகத்தைத் தூக்கி வச்சுக்குவாரு. பாட்டு எங்க ஓடிரப் போகுது?"

செல்வி பட்டுச்சேலையில மேடை ஓரமா உக்காந்திருந்தா. தொண்டைக்கு வெந்நீர் பிளாஸ்க் மடியில. என்னைப் பாத்தா. நான் பந்தலைப் பாத்தேன்.

எட்டு இருபத்தஞ்சு. கையில கால்ல விழுந்து மைக்கை வாங்கி அவகிட்டக் குடுத்தேன்.

பாடினா பாருங்க! கூட்டம் கப்சிப். மிக்சர் பொட்டலம் பிரிக்கிற சத்தம்கூட இல்ல. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. பல்லவி முடிஞ்சு சரணம் எடுக்கப் போறா...

"ஒரு நிமிஷம்!" இன்னொரு மைக்ல தலைவர். "தங்கச்சி அருமையாப் பாடுது. உடனே கௌரவிக்கணும். செயலாளர் மேடைக்கு வாங்க!"

நான் போயிருக்கக் கூடாது. ஆனா மேடையில கூப்பிட்டுட்டாங்களே! பல்லைக் காட்டிக்கிட்டே ஓடினேன். பாட்டு பாதியில நிக்க, பொன்னாடை போத்தினேன்.

போட்டோக்காரர், "அண்ணே, சரியா விழல, இன்னொருக்கா"ன்னார்.

இன்னொருக்காவும் போத்தினேன்.

அதோடயாச்சும் எறங்கினேனா? "ரெண்டே வார்த்தை"ன்னு மைக்கை நானே வாங்கினேன்! என் பொண்டாட்டியோட இசை ஆர்வத்துக்கு நான் எம்புட்டு ஆதரவுன்னு விளக்கிக்கிட்டிருக்கேன், போலீஸ்காரர் கையைக் காட்டினார். மைக் ஆஃப். மணி எட்டரை.

வீடு வந்ததும் செல்வி பொன்னாடையை உருவி அடுப்புமேடையில போட்டா.

அந்தப் பொன்னாடைதான் இப்ப எங்க வீட்டு அடுப்புமேடைத் துணி. பூராச் சரிகை, ஒரு சொட்டுத் தண்ணி உறிஞ்ச மாட்டேங்குது. தெனமும் தொடைக்கிறது நான்தான்.