மாட்யூலும் ஓவிய வாத்தியாரின் கடைவாய்ப்பல்லும்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. நானும் உங்கள் அத்தையும் நலம். பல் டாக்டரான என் அக்கா மட்டும் மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. போனில் சொன்னால் என் குரல் ஏறிவிடும் என்று அத்தை பயப்படுவதால், இதைக் கடிதமாக எழுதுகிறேன்.

அக்காவின் ஆஸ்பத்திரியில் நேரம் பதிவு செய்ய நீங்கள் எழுதிக் கொடுத்த கம்ப்யூட்டர் ஸ்கிரிப்ட் இரண்டு வருடமாக சிஜிஐ முறையில் ஓடியது. ஒவ்வொருவர் பட்டனை அமுக்கும்போதும் சர்வர் அதைப் புதிதாக எழுப்பும், அது வந்த வேலையை முடித்துவிட்டுச் செத்துப்போகும். மெதுவாக இருந்தாலும் மரியாதையாக இருந்தது. போன வாரம் சர்வர் பார்க்கிறவர் வந்து, "எதுக்கு சார் ஒவ்வொரு தடவையும் எழுப்பிக்கிட்டு? மாட்யூலா சர்வருக்குள்ளேயே வெச்சுட்டா எப்பவும் முழிச்சிருக்கும், பறக்கும்" என்றார். தலையாட்டித் தொலைத்தேன். பறந்தது நிஜம். ஆனா ஒரு லாரி டிரைவர் 'கடைவாய்ப்பல் பிடுங்க'ன்னு பதிவு பண்ணியிருக்கார், அவருக்கு அடுத்து ஓவிய வாத்தியார், வெறுமனே பல் சுத்தம் பண்ண வர்றவர், சிகிச்சைக் கட்டத்தைக் காலியா விட்டுட்டார், முன்னவர் சொன்னதுதான் மாட்யூலுக்கு ஞாபகம் இருக்கே, அதையே இவருக்கும் போட்டுடுச்சு. வரவேற்பு மேஜையில உட்கார்ந்திருக்கற நான்தான் அந்தச் சீட்டை அக்கா கையில குடுத்தேன். மரத்துப்போற ஊசி போட்டப்பகூட, சுத்தம் பண்ணவும் ஊசி உண்டு போலன்னு மனுஷன் சும்மா இருந்திருக்கார். இடுக்கியைப் பார்த்ததும் எழுந்துட்டார். பாதி வாய் மரத்ததால பேச்சு வரல. என் பேனாவைப் பிடுங்கி, சீட்டுக்குப் பின்னால ஒரு பல்லு, ஒரு பிரஷ், கீழே கழுதைக் காதோட என்னையும் வரைஞ்சார். அக்கா படத்தைப் பார்த்தா, என்னைப் பார்த்தா, "அச்சு அசல்"னா. அவ்வளவுதான், அதுக்கப்புறம் பேச்சில்ல.

எனக்குப் புரியாதது இதுதான். செத்துச் செத்து ஒழுங்கா வேலை செஞ்சது, உயிரோட வெச்சதும் ஏன் கெட்டுப்போச்சு? சர்வர்காரரைக் கேட்டா, "எழுதினவர் வேரியபிளைக் காலி பண்ணல"ங்கறார். தமிழ்ல சொல்லுங்கன்னேன். "மாறி"ன்னார். யார் மாறினதுன்னு கேட்டேன், போனை வெச்சுட்டார்.

தயவுசெஞ்சு பழைய சிஜிஐக்கே மாத்தச் சொல்லுங்க. இல்லேன்னா வரவேற்பு மேஜைக்கு வேற ஆள் பார்க்கப் போறாளாம் அக்கா. ஓய்வு பெற்ற எனக்கு இருக்கிறது அந்த மேஜை ஒண்ணுதான். அதுவும் போனா பகல் பூரா நானும் உங்க அத்தையும் ஒரே வீட்ல இருக்கணும். ரெண்டு பேருக்குமே அது நல்லதில்ல.

மகளுக்கும் பேத்திக்கும் என் ஆசிகள். எல்லோரும் பல்லைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
உங்கள் மாமா

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது சர்வர்காரர் வந்தார். அத்தை முந்தாநாளே மகளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம். ஒவ்வொருவர் வரும்போதும் பழசைக் காலி செய்ய நீங்கள் ஒரு வரி எழுதி அனுப்பி, அதையும் நேற்றே சேர்த்தாகிவிட்டதாம். மாட்யூல் அப்படியே இருக்கட்டும். தபால்தலை ஒட்டியாகிவிட்டதால் கடிதத்தை அனுப்புகிறேன். தயவுசெய்து படிக்க வேண்டாம்.