நாலு சாயங்கால லோடு டெஸ்ட்

எனக்குக் குடிப்பழக்கம் கிடையாது. ஐம்பத்து மூன்று வயதில் இதுவரை என் தலைக்கு ஏறியது, பக்கத்துப் பட்டறைக்காரர் கொடுத்த சுக்குக் காபி மட்டும்தான். ஆனாலும் எங்கள் சொந்தபந்தத்தில் என்னைப் பற்றி நிலவும் கருத்து வேறு. அதற்குக் காரணம், நான் செய்த ஒரு லோடு டெஸ்ட்டும், அதை என் கைப்பட எழுதி வைத்த ஒரு மஞ்சள் அட்டையும்.

கணபதி பகுதியில் மோட்டார் பட்டறை வைத்திருக்கிறேன். பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் கட்டுவது தொழில். கொள்கை ஒன்றே ஒன்று: பாரம் கொடுத்து ஓட்டிப் பார்க்காமல், அதாவது லோடு டெஸ்ட் செய்யாமல், எதையும் வெளியே அனுப்புவதில்லை. (இட்லியைக்கூட விரலால் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் தட்டில் வாங்குவேன். என் மனைவி சாந்தாமணிக்கு இதில் தீராத கோபம்.)

இங்கிலாந்தில் வேலை பார்க்கும் என் மகள் தாரணி, கூட வேலை செய்யும் வெள்ளைக்காரப் பையனைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டாள். நானும் சாந்தாமணியும் ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, கை வலித்ததும் இறக்கி வைத்துவிட்டோம். மிச்சம் இருந்தது பெரிய மச்சான். சாந்தாமணியின் அண்ணன் பழனிச்சாமி, தொண்டாமுத்தூரில் தென்னந்தோப்பு. எங்கள் பக்கம் தாய்மாமன் சீர் தூக்காமல் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் நடக்காது.

“குடிக்கிற சனம் மாப்ள அது. நம்முளுக்கு ஒத்து வராது. எதுக்கும் ஆளைப் பார்த்துப்போட்டுச் சொல்றேன்” என்று மீசையைத் தடவினார்.

பையனுக்கு லீவு கிடைக்கவில்லை; அவன் அப்பா பீட்டரும் அம்மா மேகியும் தாரணியோடு மூன்று நாள் ஊர் சுற்றிப் பார்க்க வருவதாக முடிவானது. தாரணி போனில் சொன்னாள்.

“அப்பா, ரெண்டே விசயந்தானுங்க. அவங்க வீகன். பால், தயிர், நெய், தேன், எதும் ஆகாது. அப்புறம், எந்த ஊருக்குப் போனாலும் சாயங்காலம் அந்த ஊர் பப்புல போய் உக்காருவாங்க. கலகலன்னு இருக்கோணும். மாமா வேற பார்த்துட்டு இருக்காரு. சொதப்பிப்போடாதீங்கப்பா.”

அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்ட பிறகு, எல்லாவற்றையும் முன்கூட்டியே சோதித்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

சாப்பாட்டை முதலில் சாந்தாமணியிடம் கொண்டு போனேன். “நெய்யும் இல்லாம மோரும் இல்லாம விருந்தா? கேக்கறவங்க காறித் துப்ப மாட்டாங்க?” என்றாள். அரை மணி நேரம் யோசித்துவிட்டு அவளே, “சந்தகை பிழிஞ்சு தேங்காப்பால் ஊத்திக்கலாம். கொள்ளுப் பருப்பு, கீரை, களி. அட, நம்ம சோத்துல பாதி அவங்க சோறாட்டத்தான் இருக்குது!” என்றாள். ஒரு பாரம் இறங்கியது.

பப் இறங்கவில்லை. எனக்கு பப் என்றால் என்னவென்றே தெரியாது. அவிநாசி ரோட்டில் ஒரு ஓட்டல் மாடியில் இருப்பதாகக் கேள்விப்பட்டு, ஹெல்மெட்டைக் கழற்றாமலே படியேறினேன். சப்ளையர் நரை விழுந்த மனுசன், பெயர் ஆறுமுகம். எலுமிச்சை சோடா சொன்னேன். “ஹெல்மெட் கழட்டிக்கலாமுங்களே அண்ணா, உள்ள டிராபிக் இல்லீங்க” என்றார்.

ஒரு நாள் ஓடிய மோட்டார் மறுநாளும் ஓடுமென்று என்ன நிச்சயம்? நாலு சாயங்காலம் போனேன். வீட்டில், “பட்டறைல லோடு டெஸ்ட், வர நேரமாகும்” என்றேன். பார்த்ததையெல்லாம் பட்டறையில் வேலை விவரம் எழுதும் மஞ்சள் ஜாப் கார்டில் குறித்துக்கொண்டேன். அதன் மறுபக்கத்தில் மூன்று நாள் பயணத் திட்டம். (‘மருதமலை, ஒன்றரை மணி நேரம். தோப்பு, ஒரு மணி நேரம். யானை வந்தால் கூடுதலாகப் பதினைந்து நிமிடம்.’)

நாலாவது நாள் வியாழக்கிழமை. மெனு அட்டைக்கு மேலே கண்ணை உயர்த்தினால், மூலை மேசையில் தெரிந்த முதுகு. அந்த முதுகு எனக்குத் தெரியாதா? இருபத்தெட்டு வருடமாக எல்லாக் கல்யாணத்திலும் எனக்கு முன்னால் நடந்த முதுகு. பெரிய மச்சான்! சோடாவைப் பாதியில் விட்டுவிட்டு நழுவினேன். போகும்போது ஆறுமுகத்திடம், “ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட வருவனுங்க. என்னையத் தெரிஞ்ச மாதிரி மட்டும் காட்டிக்க வேண்டாம்” என்று கும்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் விருந்து ஜெயித்தது. மேகி மூன்று தரம் சந்தகை கேட்டு வாங்கினார். மச்சான் மட்டும் உம்மென்று இருந்தார். சாயங்காலம் விருந்தாளிகளை நானும் தாரணியும் கூட்டிப் போவதாகத்தான் திட்டம். சாந்தாமணி, “வந்தவங்களைத் தனியா உடறதா?” என்று காரில் ஏறிக்கொண்டாள். “நானும் வாரேன். குடிச்சா எப்படி நடந்துக்கறாங்கன்னு பார்க்கோணுமல்ல” என்று மச்சானும் ஏறிவிட்டார். எந்த இடம் என்று அவர் கேட்கவில்லை. சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஓட்டல் வாசலில் அவர் முகம் வெளுத்தது. “வயிறு என்னமோ பண்ணுது...” என்று இழுத்தார். “உள்ள போனா சரியாயிரும், வாங்கண்ணா” என்று சாந்தாமணி கையைப் பிடித்து இழுத்தாள். ஆறடிப் பீட்டருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டே படியேறினார்.

கதவு திறந்தது. ஆறுமுகத்துக்கும் எனக்கும் கண்கள் சந்தித்தன. அந்த மனுசன் இரண்டு வினாடி உதட்டைக் கடித்துப் பொறுத்தார். ஆனால் தெரிந்தவரைப் பார்த்து ‘வாங்க’ கேட்காமல் விட்டால் பத்து வருடம் பகை வளர்க்கிற ஊர் இது. அதை நான் யோசித்திருக்க வேண்டும்.

“வாங்கண்ணா, வாங்க வாங்க! அதே சன்னல் மேசைதானுங்களே?”

சாந்தாமணி என்னைப் பார்த்தாள். இருபத்தெட்டு வருடத்தில் அப்படி ஒரு பார்வை பார்த்ததில்லை.

“லோடு டெஸ்ட்டுன்னு சொன்னது... இதுதானுங்களா?”

பீட்டரின் முதுகுக்குப் பின்னாலிருந்து மச்சான் வெளியே வந்தார். தன்னை யாரும் கண்டுகொள்ளவில்லை என்ற தைரியம். “மாப்ள! பொண்ணைப் பெத்தவன் செய்யற காரியமா இது? அவங்களைச் சொல்லி என்ன, நம்ம ஊட்லயே இப்படி இருந்தா? இந்தச் சம்பந்தம் வேண்டவே வேண்டாம். கெளம்பு சாந்தா!”

தாரணியின் கண்கள் நிறைந்துவிட்டன. விருந்தாளிகள் ஒன்றும் புரியாமல் முழித்தார்கள். நான் சட்டைப் பையிலிருந்து மஞ்சள் அட்டையை எடுத்து மகளிடம் நீட்டினேன். “சோடாதான் கண்ணு குடிச்சேன். படிச்சுப் பாரு.”

அவள் தமிழில் ஒரு வரி, இங்கிலீஷில் ஒரு வரியாகச் சத்தமாகப் படித்தாள். “திங்கள்: கூட்டம் இல்லை, சோகமாக உள்ளது. செவ்வாய்: பாட்டுச் சத்தம் அதிகம், மேகி அம்மாவுக்குக் காது வலிக்கலாம். புதன்: மசாலாக் கடலையில் நெய் இல்லை, சமையல்காரரிடம் நேரில் விசாரித்தாயிற்று...”

மேகி வாயைப் பொத்திக்கொண்டார். “எங்களுக்காகவா நாலு நாள் வந்தீர்கள்?” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். சாந்தாமணியின் முகம் கொஞ்சம் இளகியது. நானும் மூச்சு விட்டேன். விட்ட பிறகுதான் நினைவு வந்தது.

“கண்ணு, போதும், நிறுத்து...”

அவள் படிக்கிற வேகத்தில் நிற்கவில்லை. “வியாழன்: கலகலப்பு சரியாக உள்ளது. மூலை மேசையில் பெரிய மச்சான்.”

பாட்டுக்கூட அந்த நேரம் பார்த்து நின்றது.

இனி மறைக்க ஒன்றுமில்லை என்று ஆறுமுகத்துக்குப் பட்டிருக்க வேண்டும். “அய்யாவையும் வாங்கன்னு கேக்காம மனசு அடிச்சுட்டே இருந்துச்சுங்க. உக்காருங்க, எப்பவும் போலக் கடலை காரம் தூக்கலா எடுத்துட்டு வாரேன்” என்றார்.

மச்சான் நின்றார். தங்கையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், பீட்டரைப் பார்த்தார். பீட்டர் ஒரு நாற்காலியை அவருக்காக இழுத்துப் போட்டார். உட்கார்ந்து, தொண்டையைச் செருமி, “நல்ல சனமாத்தான் தெரியுது. ஆவணிலயே முகூர்த்தம் பார்த்தரலாம்” என்றார்.

கல்யாணத்தில் சீர் தட்டை அவர்தான் முதலில் தூக்கினார். ஆனால் எங்கள் சொந்தத்தில் யாராவது சாயங்காலம் காணாமல் போனால், “லோடு டெஸ்ட்டுக்குப் போயிருக்காரு” என்றுதான் இன்றைக்கும் சொல்கிறார்கள். பீட்டர்கூட போனில் தமிழ் வார்த்தை மாதிரி அதைச் சொல்லிச் சிரிக்கிறார்.

பட்டறையில் நிஜமாகவே லோடு டெஸ்ட் இருக்கும் நாளில்தான் என் பாடு திண்டாட்டம். சாந்தாமணிக்குப் போன் போட்டு, ஓடுகிற மோட்டாருக்குப் பக்கத்தில் போனைப் பிடிக்கிறேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இன்னைக்கும் பாட்டு சத்தமாத்தான் வெச்சிருக்காங்களாட்ட இருக்குது” என்கிறாள்.