பின்பக்கமாக ஓடிய பாட்டு

"இதைப் பின்பக்கமா ஓட விட்டால் சாத்தான் கதைக்குமாம். ஒருக்கால் போட்டுக் காட்டும் தம்பி."

பொன்னம்பலம் கசெற்றைக் கடை மேசையில் வைத்தார். கொழும்பு வெள்ளவத்தையில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் கிளெமென்ற் அதைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டான். அவருடைய மகள் பத்மாவதிக்கு அவன் பதிந்து கொடுத்ததுதான்.

"ஆர் அங்கிள் சொன்னது?"

"மேல்வீட்டு ஐறீன் மிஸ். றொக் பாட்டு எல்லாத்துக்குள்ளையும் இருக்காம். பிள்ளை நாள் முழுக்க இதைத்தான் கேக்கிறாள். வாற மாப்பிள்ளையள் எல்லாரையும் வேண்டாமெண்டுறாள்."

கிளெமென்ற் கொஞ்சம் யோசித்தான்.

"உங்கட வீட்டு செற்றிலை போட்டாத்தான் சரியாக் கேக்கும் அங்கிள்."

அன்று பின்னேரமே வந்து, செற்றின் மோட்டர் வயர்களை மாற்றி ஒட்டினான். தண்ணீருக்குள் யாரோ சண்டை பிடிப்பதுபோல் பாட்டு பின்னோக்கி ஓடியது. பொன்னம்பலம் ஸ்பீக்கரோடு காதை ஒட்டிக்கொண்டார்.

"'ஓடி வா' எண்டு சொல்லுது."

கிளெமென்றின் முகம் வெளிறியது. "எனக்கு ஒண்டும் விளங்கேல்லை அங்கிள்."

"விளங்கும். நாளைக்கும் வாரும்."

அதற்குப் பிறகு அந்த செற் எதையும் நேராகப் பாடவில்லை. மனைவி ஜெகதீஸ்வரி காலையில் தேவாரம் போட்டாள். அதற்குள்ளும் "ஓடு" என்று கேட்டது. பொன்னம்பலம் பயந்துபோய், வீட்டிலிருந்த கசெற் முழுவதையும் சோதிக்கச் சொன்னார். கிளெமென்ற் தினமும் வந்தான். காசு வேண்டாமென்றான். பத்மாவதி கொடுத்த தேத்தண்ணியை மட்டும் குடித்தான்.

"இந்தக் காலத்திலை இப்பிடி ஒரு பிள்ளை," என்று பொன்னம்பலம் மனைவியிடம் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை பொலிஸ் வந்தது. அந்த வீட்டில் இரகசியப் பாஷையில் ரேடியோ கேட்கிறதென்று யாரோ சொல்லியிருந்தார்கள். சார்ஜன்ட் செற்றைப் போடச் சொல்லிக் கேட்டார். முகம் இறுகியது. கொழும்பில் தங்கும் தமிழர் எடுத்து வைத்திருக்க வேண்டிய பொலிஸ் பதிவை வாங்கிப் பார்த்தார். பதிவில் மூன்று பேர், அறையில் நாலு பேர்.

"மே கவுத?" என்று கிளெமென்றைக் காட்டி, அவன் யாரென்று சிங்களத்தில் கேட்டார்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒரு வருஷம்கூட ஆகாத பொன்னம்பலத்துக்குச் சிங்களம் தெரியாது. ஆனால் அந்த விரல் யாரைக் காட்டியது என்பது விளங்கியது. கிளெமென்றின் அடையாள அட்டையோ கடையில் கிடந்தது. தன்னால் ஒரு தாயின் பிள்ளை உள்ளே போகப்போகிறான் என்று அவர் தவித்தார்.

கொழும்புக்கு வந்ததும் சிங்கள வகுப்புக்குப் போன பத்மாவதி முன்னுக்கு வந்தாள். தலையைக் குனிந்தபடி சிங்களத்தில் மெதுவாக ஏதோ சொன்னாள். சார்ஜன்ட் அவளைப் பார்த்தார், கிளெமென்றைப் பார்த்தார். பதிவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"என்ன பிள்ளை சொன்னனீ?"

"செற் பழுதெண்டு சொன்னனான் அப்பா."

பொன்னம்பலம் மூச்சு விட்டார். வாசல்வரை போய்ச் சார்ஜன்ட்டைக் கும்பிட்டார். அவர் படியில் நின்று, தெரிந்த தமிழில் சொன்னார்:

"மருமகன் நல்ல ஆள் ஐயா. அடுத்த மாசம் கல்யாணம்னு மகள் சொல்றது. எங்களுக்கும் சொல்லுங்க."