தெர்மாமீட்டர் சாரின் பத்து டிகிரி

மன்னார்குடியில் பனிக்கட்டிக்குப் பயந்து வாழ்ந்த ஒரே மனிதர் எங்கள் தெரு தெர்மாமீட்டர் சார்தான்.

ரிட்டயரான பிறகு தோட்டத்தில் தரைமட்டத்துக்கு ஒரு சிமெண்டுக் குளம் கட்டி, பதினொரு ஆரஞ்சு மீன்கள் வளர்த்தார். கனடாவில் மகன் வீட்டிலும் அதே மாதிரி ஒரு குளம். குளம் பனிக்கட்டியாக உறையும் முன், இலையுதிர்காலத்தில் அதை எப்படிக் கவனிப்பது என்று மகன் அனுப்பிய குறிப்பை லேமினேட் செய்து தென்னைமரத்தில் ஆணியடித்து மாட்டியிருந்தார்.

குறிப்பின் முதல் வரி, இலை விழாமல் மேலே வலை கட்டு. ஐப்பசி பிறந்ததும் சார் கட்டினார். தோட்டத்தில் இருந்த ஒரே மரம் அந்தத் தென்னை. அது மூன்றாம் நாள் ஒரு மட்டையைப் போட்டது. வலையும் மட்டையும் சேர்ந்தே குளத்துக்குள் போயின. சார் அசரவில்லை, கட்டிலில் இருந்த கொசுவலையைக் கொண்டுவந்து கட்டினார்.

இரண்டாவது வரி, தண்ணீர் பத்து டிகிரிக்கு இறங்கினால் தீனியை நிறுத்து. தினம் மூன்று வேளை குளத்தில் தெர்மாமீட்டரை விட்டுப் பார்ப்பார். மன்னார்குடி இருபத்தாறுக்குக் கீழே இறங்க மறுத்தது. "இன்னும் பத்து வரலைங்க" என்பார், கடைசி பஸ்ஸுக்குக் காத்து நிற்பவர் மாதிரி.

"சார், அடைமழை வரப்போவுது. தண்ணி வடிய ஒரு குழாய் வைங்க" என்றேன்.

"குறிப்புல அது இல்லையே."

"கனடாவுல ஐப்பசி மழை கிடையாது சார்."

"எழுதினவன் இன்ஜினீயருங்க."

தலைமுறை தலைமுறையாக நெல் போட்ட குடும்பம் அவருடையது. வடிகால் இல்லாமல் குழி வெட்டிய டெல்டாக்காரரை அன்றுதான் பார்த்தேன்.

நான்கு நாள் விடாமல் கொட்டியது. ஐந்தாம் நாள் காலையில் குளம், தோட்டம், தெரு எல்லாம் ஒரே தண்ணீர். முழங்கால் ஆழத்தில் சார், கையில் தெர்மாமீட்டர். "யாரும் குழம்பு வச்சிராதீங்க, வளர்ப்பு மீனுங்க" என்று வீடுவீடாகக் கெஞ்சினார். குடம், வேட்டி, சோறு வடிக்கிற தட்டு என்று கிடைத்ததை எடுத்துக்கொண்டு தெருவே இறங்கியது. பத்து மீன் கிடைத்தது. ஒன்று மட்டும் வாய்க்காலில் இறங்கி யாரோ ஒருவருடைய சம்பா வயலுக்குப் போய்விட்டது.

"ஒரு மீன்தானே சார், போவுது விடுங்க" என்றேன்.

அவர் மீன்களைப் போட்டுவைத்த வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஞாயித்துக்கிழமை பையன் போன் பண்ணுவான். மீனெல்லாம் எப்படிப்பான்னு கேப்பான். அங்க எத்தனை டிகிரி, இங்க எத்தனை டிகிரின்னு பேசுவோம். அத விட்டா எங்களுக்குப் பேச ஒண்ணும் இல்லைங்க."

ஒரு மாதமாக அவரைப் பார்த்துச் சிரித்ததற்கு எனக்கு வெட்கமாக இருந்தது. தண்ணீர் வடிந்ததும் தஞ்சாவூர் போய் ஓர் ஆரஞ்சு மீன் வாங்கிவந்து குளத்தில் விட்டேன்.

இப்போது சார் மகனோடு கனடாவில் இருக்கிறார். வீட்டுச் சாவி என்னிடம். தினமும் காலையில் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன்: "இருபத்தேழு." உடனே பதில் வரும்: "அப்ப தீனி போடலாம்."

குளத்துக்கு வடிகால் குழாய் வைத்துவிட்டேன். அதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை. மகனுடைய குறிப்பில் அது இல்லை, மனுஷன் வருத்தப்படுவார்.