ரேவதி படித்த நாவல்களும் கலியன் நெய்த புடவைகளும்

"இதை நெய்தது ஒரு ஆளா, ரெண்டு ஆளாப்பா?" என்று கேட்டார் ராஜகோபால்.

பட்டுக்கடை முதலாளியான அவர் மூன்று புடவைக்கான பாவு நூலும் ஜரிகையும் கொடுத்து ஓரிக்கையில் வீடு வீடாகப் புடவை நெய்து வாங்குகிறவர். கலியன் தறியில் நெய்து வைத்திருந்த புடவையில் ஒரு முழம் பலகையாக விறைத்திருந்தது, அடுத்த முழம் கொசுவலையாகத் தொளதொளத்தது. கலியன் தலையைச் சொறிந்தான். காரணம் தெரிந்தவள் அவன் மனைவி ரேவதி.

விறைத்த முழம், துப்பறியும் நாவலில் கொலைகாரனைத் துரத்திய இடம். தொளதொளத்த முழம், அவன் அகப்பட்ட இடம்.

ரேவதி ஒரு நாவல் பைத்தியம். பிறந்த ஊரான முசரவாக்கத்தில் அவள் படிப்பதைக் கேட்க நாதியில்லை, அவள் கருத்தைக் கேட்க அதுவும் இல்லை. கல்யாணமாகி ஆறு மாதம் கழித்து, இந்தப் பாவு ஏற்றிய அன்றுதான் தறிக்கு எதிரே ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து உரக்கப் படிக்கத் தொடங்கினாள். தலையில் துண்டைக் கட்டியிருந்த கலியன் நெய்துகொண்டே வைத்த கண் வாங்காமல் பார்த்தான். அவளுக்குப் பிடித்த கட்டம் அவனுக்கும் பிடித்தது, அவளுக்குக் கசந்தது அவனுக்கும் கசந்தது. இப்படி ஒரு ரசிகன் எத்தனை பேருக்கு வாய்ப்பான் என்று அவளுக்கு உள்ளூரப் பெருமை தாங்கவில்லை.

சாப்பிடும்போது நாவல் எப்படி என்று கேட்பாள். "நீ இன்னா சொல்ற?" என்பான். அவள் சொல்வாள். "அதேதான் எனக்கும்" என்று இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றிக்கொள்வான்.

துப்பறியும் நாவலைப் பற்றி வாட்ஸ்அப் வாசகர் குழுவில் அவள் எழுதியது இது: 'கொலைகாரன் யாரென்று எனக்கு முப்பதாம் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது. ஆசிரியருக்குத்தான் கடைசிவரை தெரியவில்லை. என் கணவரின் கருத்தும் இதுவே.'

ராஜகோபால் அந்தப் புடவையை முனகிக்கொண்டே எடுத்துக்கொண்டார். பாவில் இன்னும் இரண்டு புடவை பாக்கி. கடைசிப் புடவை ஒரு கல்யாணத்துக்கான முகூர்த்தப் புடவை. அது சரியாக வராவிட்டால் அடுத்த பாவு கிடையாது, தறியை மூடிவிட்டு வேறு வேலை பார்த்துக்கொள் என்று நிதானமாகவே சொல்லிவிட்டுப் போனார். அவர் கத்தியிருந்தால்கூட ரேவதிக்கு அவ்வளவு பயமாக இருந்திருக்காது.

கொலையும் துரத்தலும் இல்லாத நாவல்தான் இனி என்று முடிவு செய்து, நூலகத்திலிருந்து ஒரு குடும்ப நாவல் எடுத்துவந்தாள். ஆசிரியர் மாமியாரைக் கெட்டவள் என்றார். ரேவதிக்கோ மாமியார் பேசியதுதான் நியாயமாகப் பட்டது. அந்த மாமியார் வீட்டை விட்டு வெளியேறிய அத்தியாயத்தில் கண்ணீர் கன்னத்தில் இறங்கியது. கலியனுக்கும் கை தளர்ந்தது. விளைவு, புடவையின் நடுவில் ஒரு வரிசை புட்டாப் பூ காணாமல் போனது.

அழுகையும் ஆகாது என்று பேய் நாவலுக்கு மாறினாள். பேய்க் கதையில் கொலை முன்னாலேயே முடிந்திருக்கும், பதற்றம் இருக்காது என்பது அவள் கணக்கு. கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு கை நீண்ட இடத்தில் அவள் இரண்டு காலையும் முக்காலி மேல் தூக்கிக்கொண்டாள். அதே நொடியில் கலியன் தறிக்குழியிலிருந்து ஒரே எம்பாக எம்பி வெளியே விழுந்தான். விழுந்த வேகத்தில் பாவில் பாதி இழைகள் அறுந்தன.

அறுந்த இழையெல்லாம் பிணைக்க அடுத்த தெரு ஜெயம்மாள் வந்தாள். அந்தத் தெருத் தறிகளுக்கெல்லாம் பல வருஷமாகப் பாவு பிணைப்பவள் அவள்தான். கலியன் ஏன் குதித்தான் என்று ரேவதி சொல்லவில்லை. குடும்ப மானம் என்று ஒன்று இருக்கிறதே.

முகூர்த்தப் புடவைக்குப் படிப்பே வேண்டாம் என்று மனசைக் கல்லாக்கிக்கொண்டு அடுக்களைக்குள் போனாள். அது இன்னும் மோசமாயிற்று. கலியன் அடுக்களை வாசலையே பார்த்துக்கொண்டு நெய்ததில் அடிக்கு அடி நெசவு கோணியது. நல்லவேளையாக முந்தானைக்கு முந்திய, வெட்டி எறிகிற வெற்றுத் துண்டுதான் வீணானது. அன்று சாப்பாட்டில் அவனே பேச்செடுத்தான்.

"நீ வழக்கம் போல எதிர்ல ஒக்காந்து படியேன் ரேவதி. எனக்குக் கை ஓட மாட்டேங்குது."

ரேவதிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இலக்கியத்துக்காக இப்படி ஏங்குகிற மனுஷனைப் பட்டினி போடலாமா? கொலை, கண்ணீர், பேய் எதுவும் இல்லாததாகத் தேடி, யாரும் தொடாமல் கிடந்த ஒரு விஞ்ஞான நாவலைக் கொண்டுவந்தாள். விண்கலம் ஒன்று ஏதோ கிரகத்துக்குப் போகிறது. பக்கத்துக்குப் பக்கம் சூத்திரம். அவளுக்கு ஒரு வரி புரியவில்லை. மளிகைக் கணக்கு ஒப்பிப்பவளைப் போல முகம் மாறாமல் படித்துக்கொண்டே போனாள்.

கலியன் நெய்தான் பாருங்கள்! முதல் முழத்துக்கும் கடைசி முழத்துக்கும் மயிரிழை வித்தியாசம் இல்லை. ராஜகோபால் கட்டைவிரலால் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, புதுப் பாவை எடுத்து வைத்தார்.

அன்றே ரேவதி குழுவில் எழுதினாள்: 'இந்த நாவல் எனக்குப் புரியவில்லை, உண்மையை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் கணவர் விண்வெளியைக் கரைத்துக் குடித்துவிட்டார். அவர் பத்தாம் வகுப்போடு நின்றது நாட்டுக்குத்தான் நஷ்டம்.'

புதுப் பாவைப் பிணைக்க ஜெயம்மாள் வந்தபோது கலியன் ஜரிகை வாங்கப் போயிருந்தான். பழைய இழையோடு புது இழையை விரலால் முறுக்கிக்கொண்டிருந்தவளிடம் சொல்லாமல் இருக்க ரேவதிக்கு மனசு கேட்கவில்லை. தன் வீட்டுக்காரருக்கு எந்தக் கதைக்கு எப்படிக் கை போகும் என்று கொலையிலிருந்து பேய் வரை ஒன்று விடாமல் சொன்னாள். அந்த விஞ்ஞான நாவலின் இரண்டாம் பாகத்தையும் காட்டினாள்.

"இதையும் படிச்சிட்டா போதும்கா, அடுத்த மூணு புடவையும் கண்ணாடி மாதிரி வந்துடும்."

ஜெயம்மாள் முறுக்கிய இழையை விடாமலே நிமிர்ந்து பார்த்தாள்.

"கதையாம்மா? தறிச் சத்தம் ஆகாதுன்னு தலைத்துண்டுக்குள்ள ரெண்டு காதுலயும் பஞ்சை அடைச்சிக்கினுதாம்மா அவன் எப்பவும் ஒக்காருவான், இத்தினி நாளும் உன் மூஞ்சியைப் பாத்துத்தான் நெய்துக்கினு இருந்திருக்கான்."