ஒலிபெருக்கியில் ஒரு நிதிக் கணிதப் பரீட்சை

நிதிக் கணிதம் படிக்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. உலகத்தில் வரக்கூடிய எந்த ஆபத்தையும் ஒரு சமன்பாட்டுக்குள் அடக்கிவிடலாம் என்று நம்புவார்கள். முதுமாணிப் பட்டம் முடிக்கும் தறுவாயில் எனக்கு அது நன்றாக முற்றியிருந்தது. பஸ் பிந்துமா, கரண்ட் போகுமா, அம்மா இன்றைக்குக் கல்யாணப் பேச்சை எடுப்பாவா என்று எல்லாவற்றுக்கும் நிகழ்தகவு கணித்து வைத்திருந்தேன். கோயில் ஒலிபெருக்கியை மட்டும் கணக்கில் சேர்க்க மறந்துபோனேன்.

அப்போது நான் திருகோணமலை நகரத்தில் ஒரு வங்கியில் வேலை செய்துகொண்டிருந்தேன். படிப்பு கொழும்பில். வெள்ளி இரவு பஸ் ஏறி, சனியும் ஞாயிறும் வகுப்பில் இருந்துவிட்டு, திங்கள் காலை அதே கசங்கிய சட்டையோடு வங்கியில் போய் நிற்பேன். (வாடிக்கையாளர்கள் என்னை நோயாளி என்று நினைத்து அன்பாக நடந்துகொண்டார்கள்.) ஆய்வுக்கு நான் எடுத்த தலைப்பு, விலைகள் மெல்ல மெல்ல நகராமல் திடீரென்று பாயும்போது என்ன செய்வது என்பது. எங்கள் நாட்டில் இருந்துகொண்டு இதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை.

கடைசியாக மிஞ்சியது வாய்மொழிப் பரீட்சை. இணையவழியில் என்றார்கள். முதல் தடவை லிங்கநகரில் எங்கள் வீட்டில் இருந்தே முகம் கொடுத்தேன். பேராசிரியர் "உங்கள் முடிவு" என்று தொடங்கியபோது கரண்ட் போய்விட்டது. வந்தபோது அவர் இல்லை. கெஞ்சிக் கேட்டதில் இன்னொரு தடவை தந்தார்கள். அதுதான் கடைசி என்றும், மின்சாரம், இணையம், மழை என்று எந்தக் காரணமும் இனிமேல் ஏற்கமாட்டோம் என்றும் சொன்னார்கள். இதையும் விட்டால் பட்டம் இல்லை. அத்தனை பஸ் இரவுகளும் வீண். இந்த முறை கூரை இடிந்து தலையில் விழுந்தாலும் கதிரையை விட்டு எழும்புவதில்லை என்று முடிவெடுத்தேன்.

எங்கள் கோயில் துறைமுகப் பக்கம் இருக்கிறது. அதன் மண்டபத்தின் பின்னறையில் புதிதாக நல்ல இணைய இணைப்பு போட்டிருந்தார்கள். அந்தோனியார் திருவிழா நெருங்கியதால் ஜெனரேட்டரும் வந்து இறங்கியிருந்தது. ஃபாதரிடம் அறையைக் கேட்டேன்.

"தாராளமா எடுங்கோ. கரண்டும் இருக்கு, இன்டர்நெட்டும் இருக்கு, அந்தோனியாரும் உள்ளதான் நிக்கிறார்" என்றார்.

அது உண்மைதான். திருவிழாவுக்காகப் புதுப் பெயின்ற் அடித்த அந்தோனியார் சொரூபம், குழந்தை இயேசுவைக் கையில் ஏந்தியபடி அந்த அறையில்தான் காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு அலுமாரி. அதற்குள் கோயிலின் ஒலிபெருக்கிப் பெட்டி.

எல்லா வினையும் அந்த அலுமாரிக்குள்தான் இருந்தது. எங்கள் பாடகர் குழுவில் ஓர்கன் வாசித்தவர் கனடாவுக்குப் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து, இசையை என் லப்டொப்பில் இருந்துதான் போடுகிறோம். புளூடூத் வழியாக அது நேரே அந்தப் பெட்டிக்குப் போகும். பெட்டிக்கு உயிர் வந்தால் போதும், என் லப்டொப் தானாகவே ஓடிப்போய் அதோடு ஒட்டிக்கொள்ளும். இது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் ஸ்பீக்கர் கட்டும் ஸ்டீபன் அண்ணை, "பின்னேரம்தான் தங்கச்சி போட்டுப் பாப்பன், நீங்கள் ஆறுதலாச் செய்யுங்கோ" என்று சொல்லியிருந்தார். பரீட்சை காலையில். ஆகவே ஆபத்து பூச்சியம் என்று கணித்தேன்.

பேராசிரியர் திரையில் வந்ததும் விதிகளை வாசித்தார். இரண்டு கைகளும் மேசையில் தெரிய வேண்டும். கணினியைத் தொடக்கூடாது. எழும்பக்கூடாது. மீறினால் அந்த இடத்திலேயே பரீட்சை ரத்து. அவருக்குப் பக்கத்தில் இன்னொரு பரீட்சகர், ஒரு மேடம், பேசாமல் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். நான் இரண்டு கைகளையும் மேசையில் விரித்து வைத்தேன்.

முதல் கேள்வி சுமுகமாகப் போனது. இரண்டாவது கேள்விக்குப் பேராசிரியரின் உதடு அசைந்தது, லப்டொப்பில் சத்தம் வரவில்லை. அடுத்த கணம் அவர் குரல் வானத்திலிருந்து இறங்கியது. முதலில் மண்டபக் கூரையிலிருந்து, பிறகு சந்தியிலிருந்து, பிறகு இறங்குதுறைப் பக்கமிருந்து.

"விலை தொடர்ச்சியாக நகரும் என்று ஏன் எடுத்துக்கொள்ளக்கூடாது?"

(அவர் கேட்டது ஆங்கிலத்தில். அதிர்ச்சியில் எனக்கு இப்போதும் எல்லாம் தமிழில்தான் நினைவிருக்கிறது.)

நடந்தது இவ்வளவுதான். ஏணி நேரத்தோடு கிடைத்துவிட்டதால் ஸ்டீபன் அண்ணை வேலையைக் காலையிலேயே முடித்துவிட்டார். விறாந்தையில் இருந்த சுவிச்சைப் போட்டுவிட்டு, ஒவ்வொரு ஸ்பீக்கரும் வேலை செய்கிறதா என்று பார்க்க ஓட்டோவில் துறைமுகப் பக்கம் போய்விட்டார். அங்கே நின்று, ஏதோ ஆங்கிலச் செய்தி போகிறது என்று நினைத்து, சத்தம் என்ன தெளிவு என்று பெருமைப்பட்டாராம்.

புளூடூத்தை நிறுத்த ஒரு விரல் போதும். ஆனால் விரல்கள் பத்தும் பேராசிரியரின் கண்ணுக்கு முன்னால் இருந்தன. அவரிடம் சொல்லலாம் என்றால், இனிக் காரணம் சொன்னால் முடிந்தது கதை. நான் பல்லைக் கடித்துக்கொண்டு, வானத்துக் கேள்விக்குப் பதில் சொல்லத் தொடங்கினேன். ஒரே கேள்வி மூன்று திசையிலிருந்து மூன்று தடவை வந்ததால் யோசிக்கக் கொஞ்சம் நேரமும் கிடைத்தது. ஆபத்திலும் லாபம் பார்ப்பதைத்தானே இவ்வளவு நாளும் படித்தேன்.

திடீரென்று பேராசிரியர் நெற்றியைச் சுருக்கினார்.

"உங்கள் அறையில் என் கேள்வியைத் திருப்பிச் சொல்வது யார்?"

"எதிரொலி சேர்."

"கணினியைத் திருப்பி அறையைக் காட்டுங்கள். வேறெதையும் தொட வேண்டாம்."

மெல்லத் திருப்பினேன். அடுக்கிய பிளாஸ்டிக் கதிரைகள், ஜன்னல், அலுமாரி. பிறகு பேராசிரியர் சட்டென்று முன்னால் சாய்ந்தார்.

"அங்கே குழந்தையோடு நிற்பவர் யார்?"

"அது புனித அந்தோனியார் சேர்."

"அவரை வெளியே போகச் சொல்லுங்கள்."

"ஏலாது சேர். பெயின்ற் காயவில்லை."

மேடம் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். அவருடைய தோள்கள் குலுங்கியதை நான் பார்த்தேன். பேராசிரியர் அசையவில்லை, அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

வெளியே நடந்ததை எனக்குப் பிறகு அப்பா சொன்னார். அப்பா துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை செய்தவர். கப்பல்காரரோடு பேசிப் பழகியதில் ஆங்கிலம் நல்லாக விளங்கும். சந்தித் தேநீர்க் கடையில் இருந்த அவர், ஒலிபெருக்கியில் என் பெயரைக் கேட்டதும் எழுந்து நின்று, வந்த கேள்விகளையெல்லாம் அங்கே இருந்தவர்களுக்குத் தமிழில் சொல்லத் தொடங்கினார். அதில் ஒரு சிக்கல். ஒலிபெருக்கிக்குப் போனது பேராசிரியரின் குரல் மட்டுந்தான். என் பதில்கள் நேரே கொழும்புக்குப் போய்க்கொண்டிருந்தன. ஆகவே தெரு முழுக்கக் கேட்டது ஒரு கேள்வி. பிறகு நீண்ட மௌனம். பிறகு இன்னொரு கேள்வி. மறுபடி மௌனம்.

"பிள்ளை ஏன் வாய் திறக்கிறாள் இல்லை?" என்று கடைக்காரர் கேட்டாராம்.

"யோசிக்கிறாள்" என்றாராம் அப்பா. ஐந்தாறு கேள்விக்குப் பிறகு அப்பாவும் உட்கார்ந்துவிட்டார். வழமையாக மண்டபத்து வாசலில் கட்டிய வர்ணக் கடதாசியைத் தின்ன வரும், எங்கள் நகரத் தெருக்களில் மாடுகளைப்போலத் திரியும் மான்கள்கூட அன்றைக்குத் தின்னாமல் காதை நிமிர்த்திக்கொண்டு நின்றன என்பார். இதை நான் நம்புவதில்லை.

ஓரிடத்தில் பேராசிரியர் "பிழை" என்றார். நான் உடனே திருத்திச் சொல்லிவிட்டேன். ஆனால் அந்த ஆங்கிலச் சொல்லுக்கு அப்பாவின் உதவி யாருக்கும் தேவைப்படவில்லை. அது மூன்று திசையிலும் தனித்தனியாக ஒலித்தது. அத்தோடு அம்மா செபமாலையை எடுத்தா.

அம்மா காலையிலிருந்தே மண்டபத்துக் கதவடியில் காவல் நின்றா. போன தடவை போல ஒன்றும் குழப்பக்கூடாது என்று, விசயத்தைச் சொல்ல வந்தவர்களைக்கூட உள்ளே விடவில்லை. "பரீட்சை முடியுமட்டும் ஆரும் உள்ள போகேலாது" என்று ஒரே பிடி. இப்போது பக்கத்து வீட்டு பிலோமினா மாமி தலைமையில் பெண்கள் வந்து சேர, ஜன்னலுக்கு வெளியே அருள்நிறை மந்திரம் தொடங்கியது.

"அது என்ன சத்தம்?" என்றார் பேராசிரியர், மேலிருந்து.

"திருவிழாப் பிரார்த்தனை சேர்."

அதே நேரம் அம்மாவின் குரல், "எங்கட ஜெனிபருக்காக மன்றாடும்" என்று சுவரைத் துளைத்துக்கொண்டு வந்தது. பேராசிரியருக்குத் தமிழ் தெரியாது. என் பெயர் தெரியும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, கடைசிக் கேள்வியைக் கேட்டார்.

"இன்றைக்கு உங்களுக்குத் தெரிந்த எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தால், நாளைய விலை என்ன?"

மார்டிங்கேல் என்ற அடிப்படை எண்ணத்தைப் பற்றிய கேள்வி அது. நியாயமான சந்தையில் நாளைய விலைக்கான மிகச் சிறந்த மதிப்பீடு இன்றைய விலைதான். அதை நான் நிமிர்ந்து உட்கார்ந்து, செபமாலைக்கு மேலாகக் குரலை உயர்த்தி, ஆதாரத்தோடு சொன்னேன். இவ்வளவு அழகாக நான் அதற்கு முன்னும் பின்னும் எதையும் விளக்கியதில்லை. வெளியே மீன் வாங்க வந்தவர்கள், விற்க வந்தவர்கள் எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டு நாளைய விலைக்காகக் காத்திருந்தார்கள். அவர்களுக்கு ஒன்றுமே கேட்கவில்லை.

அந்த நேரம், விசயம் காதில் விழுந்து ஓட்டோவில் பறந்து வந்த ஸ்டீபன் அண்ணை சுவிச்சை நிறுத்தினார். குரல் லப்டொப்புக்குத் திரும்பியது. அறைக்குள் எனக்கு மட்டும் கேட்கும்படியாக, பேராசிரியர் சொன்னார்:

"நல்ல பதில். நீங்கள் சித்தியடைந்துவிட்டீர்கள். அந்தோனியாருக்கும் என் வணக்கத்தைச் சொல்லுங்கள்."

கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன். தெருவில் பாதிப் பேர் அங்கே நின்றார்கள், செத்த வீட்டு முகத்தோடு. அம்மா என்னைக் கட்டிப்பிடித்தா.

"பாஸ் பண்ணீட்டன் அம்மா."

"ஓம் பிள்ளை, ஓம். முதல்ல இந்தத் தண்ணியைக் குடி."

"உண்மையா அம்மா. எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னனான்."

பிலோமினா மாமி என் முதுகைத் தடவினா. "நாங்கள் கேட்டுக்கொண்டுதானே பிள்ளை நிண்டனாங்கள்."

எனக்கு அழுகை வந்தது. அதையும் அவர்கள் தங்கள் பக்கத்துச் சாட்சியாகவே எடுத்துக்கொண்டார்கள். மறுநாள் கொடியேற்றத்துக்கு வந்தவர்கள் என்னைப் பார்த்து மெல்லச் சிரித்துவிட்டு வேறு கதை கதைத்தார்கள். மீன்காரர் மட்டும், "நாளைய விலை தெரியாட்டிப் பரவாயில்லை தங்கச்சி, எங்களுக்கும் தெரியாதுதானே" என்று ஆறுதல் சொன்னார்.

பெறுபேறு வெளியானதும் பேச்சு மாறியது. எல்லோரும் நம்பினார்கள். ஆனால் நான் படித்துப் பாஸ் பண்ணியதாக ஒருவரும் நம்பவில்லை. ஒரு கேள்விக்குக்கூட வாய் திறக்காத பிள்ளை, அந்தோனியார் பக்கத்தில் நின்றதால் சித்தியடைந்தது என்று அற்புத வரலாறு எழுதிவிட்டார்கள். ஃபாதருக்கு உண்மை தெரியும். ஆனாலும் திருவிழாக் காலத்தில் அதை மறுக்க அவருக்கு மனம் வரவில்லை. வீட்டில் இன்றைக்கும் அப்பா கேட்டதற்கு அம்மா பேசாமல் இருந்தால், "கொம்மா பதில் சொல்லீட்டா, ஸ்பீக்கரிலைதான் வரேல்லை" என்று அப்பா எங்களிடம் சொல்வார்.

எனக்கு ரோசம் விடவில்லை. என் மூளையில் என்ன இருக்கிறது என்று ஊருக்குக் காட்டியே தீருவேன் என்று, உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு அதே மண்டபத்தில் இலவசக் கணித வகுப்பு தொடங்கினேன். முதல் நாள் கதிரை போதாத கூட்டம். கரும்பலகையில் நிகழ்தகவைப் பற்றி நான் எழுதத் தொடங்கியதும், மகளோடு வந்திருந்த ஒரு தாய் மரியாதையாகக் கையை உயர்த்தினா.

"கணக்கு அவள் ஸ்கூல்லை படிப்பாள் தங்கச்சி. அண்டைக்கு நீங்கள் அந்தோனியாரிட்ட என்ன சொல்லி மன்றாடினனீங்கள், அதைச் சொல்லிக் குடுங்கோ."

பிள்ளைகள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேனாவைத் திறந்தார்கள்.