முள்ளு பாதிக்கு வந்துட்டா

ஆலங்குடி தேங்காய் மண்டி அய்யாக்கண்ணு சூடு சொரணை உள்ள மனுஷன். இதை அவரே ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்ததால் வேறு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்தச் சொரணையின் பேரில்தான், கொடும்பாளூரில் மாமனார் வீட்டு வாசலை இனி மிதிப்பதில்லை என்று முடிவெடுத்தார். மச்சினன் கவியரசன் தன் மகளுக்குக் காது குத்தியபோது அடித்த பத்திரிகையில் வீட்டு மாப்பிள்ளை பேர் இல்லை. மைக்செட்காரன் பேர் இருந்தது. அய்யாக்கண்ணு மட்டும் 'மற்றும் உற்றார் உறவினர்' என்ற கும்பலுக்குள் எங்கேயோ நின்றுகொண்டிருந்தார்.

முடிவு பெரிசுதான். அதைப் பொண்டாட்டி அமுதவல்லியிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை.

சொல்லாமலே காலம் ஓடியிருக்கும். ஆனால் மாமனாருக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் இனிமேல் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். மகளையும் மாப்பிள்ளையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், அவர்கள் கையால் பால் வாங்கிக் குடித்துவிட்டுப் போக வேண்டும் என்று குழறிக் குழறிக் கேட்கிறாராம். நான் பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்றாள் அமுதவல்லி. கார் வைத்திருப்பவன் பொண்டாட்டி பஸ்ஸில் போய்த் தனியாக நின்றால், நமக்குள் ஏதோ தகராறு என்று நினைத்தே அந்த மனுஷன் உயிர் போகாதா என்றார் அய்யாக்கண்ணு. அது அவளுக்கும் சரியென்று பட்டது. அதுதான் பாவம்.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பினார்கள். திருவரங்குளம் தாண்டியதும் அவர் 'ச்சு' கொட்டிக்கொண்டு வண்டியை ஓரங்கட்டி, இன்ஜின் சூட்டைக் காட்டும் முள்ளைத் தொட்டுக் காட்டினார்.

"அமுதா, இங்க பாரு. இந்த முள்ளு கீழ படுத்துக் கிடக்கணும். பாதிக்கு வந்துட்டா இன்ஜின் வேகுதுன்னு அர்த்தம். இதுக்கு மேல ஓட்டுனா வண்டி நடுரோட்டுல நின்னுரும்."

புளுகு. சுத்தமான புளுகு. நல்ல இன்ஜினுக்கு முள் பாதியில்தான் நிற்க வேண்டும். அங்கே நிற்க வைக்கத்தான் உள்ளே தெர்மோஸ்டாட் என்று ஒரு வால்வு இருக்கிறது. இன்ஜின் காய்கிறவரைக்கும் தண்ணீரை ரேடியேட்டர் பக்கம் விடாமல் அடைத்து வைத்து, காய்ந்ததும் திறந்துவிடும். எந்த வண்டியும் கொஞ்ச தூரம் ஓடினால் முள் பாதிக்கு வந்தே தீரும். ஆக, அய்யாக்கண்ணுவின் சாக்கு என்றைக்கும் கெட்டுப்போகாத சாக்கு.

அடுத்த ஞாயிறும் அதே திருவரங்குளம், அதே 'ச்சு', வண்டி மறுபடியும் வீட்டுப் பக்கமே திரும்பியது. திரும்பி வரும் வழியெல்லாம் அவள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள். அவருக்கும் நெஞ்சில் முள் குத்தத்தான் செய்தது. பத்திரிகையை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டார்.

வியாழக்கிழமை காலையில் போன் வந்தது. இன்றைக்குத் தாங்காது என்றார்கள். அவள் நேரே போய் முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். திருவரங்குளம் வரட்டும் என்று இவரும் எடுத்தார்.

திருவரங்குளம் வந்தது. முள் வரவில்லை. புதுக்கோட்டை வந்தது. முள் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. வண்டி இழுவையில்லாமல் முக்கிக்கொண்டு ஓடியது, டீசலை மட்டும் மடக்மடக்கென்று குடித்தது. அன்னவாசல் நெருங்கும்போது அய்யாக்கண்ணுக்கு வேர்த்துவிட்டது. சாக்கு போனது ஒரு பக்கம். ஆசை ஆசையாக வளர்த்த இன்ஜின் பச்சைத் தண்ணீரில் ஓடித் தேய்கிறதே என்ற வயிற்றெரிச்சல் இன்னொரு பக்கம்.

"அமுதா, வண்டில கோளாறு. முள்ளு ஏற மாட்டேங்குது."

"ஏறாம இருந்தா நல்லதுதானங்க. நீங்கதான சொன்னீங்க."

"அது வந்து... ஒரேயடியா படுத்துக் கிடந்தாலும் ஆகாதுடி. இன்ஜின் தேஞ்சுபோயிரும். முள்ளு நடுவுலதான் நிக்கணும்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே விளங்கியது. அவள் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னாள்.

"தெரியும்ங்க. போன ஞாயித்துக்கிழமையும் நடுவுலதான் நின்னுச்சு."

அப்புறம் நிதானமாக மீதியையும் சொன்னாள். முந்தின நாள் இவர் மண்டிக்குப் போயிருந்தபோது மெக்கானிக் பீட்டரை வீட்டுக்கு வரச்சொல்லி, முள் பாதிக்கு வராமல் செய்ய வேண்டும் என்றாளாம். பாதியில் நிற்பதுதானே அக்கா சரி என்று அவன் முழித்தானாம். அப்போதுதான் அவளுக்கு எல்லாம் புரிந்தது. சீக்கிரம் திறக்கிற வேறு வால்வு ஒன்று போடலாம், அதிலும் முள் கிட்டத்தட்ட பாதிக்கு வந்துவிடும், படுத்தே கிடக்க வேண்டுமென்றால் வால்வையே கழட்ட வேண்டும், வண்டிக்கு ஆகாது என்றானாம். கழட்டிருங்க தம்பி என்றாளாம்.

அதற்குமேல் வண்டியைத் திருப்ப அய்யாக்கண்ணுக்குக் கை வரவில்லை. இப்படிச் செய்துவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது. பத்திரிகை விஷயம் அந்த நேரத்தில் ஞாபகத்துக்கே வரவில்லை.

கொடும்பாளூர் வீட்டில் மாமனாருக்கு மூச்சு மட்டும் இருந்தது. கண் திறந்திருந்தது, யாரையும் பார்க்கவில்லை. அமுதவல்லி பால் விட்டாள். இவர் விட்டார். இவர் விட்டது கடைவாய் வழியாக வெளியே வந்துவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்வரை நினைவோடுதான் பேசினார், மாப்பிள்ளை கார் சத்தம் கேட்குதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார் என்று கவியரசன் அழுதான். அமுதவல்லி புருஷனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பொழுது சாய்வதற்குள் மூச்சும் அடங்கியது.

காரியம் முடிந்த மறுநாள் அய்யாக்கண்ணு மாமனார் வீட்டு வாசலில் வண்டியோடு வந்து நின்றார். புது வால்வு மாட்டியிருந்தார், முள் நடுவில் சாமி மாதிரி நின்றது. கிளம்பலாமா என்று மெல்லக் கேட்டார். அவள் நிலைப்படியைத் தாண்டவில்லை.

"நீங்க போங்க. எனக்கு இன்னும் சூடு ஆறல. ஆறுனதும் வாரேன்."

"எப்ப ஆறும் அமுதா?"

"என்னயக் கேட்டா? முள்ளு பாக்கத் தெரிஞ்சவரு நீங்கதான, பாத்துச் சொல்லுங்க."